கேள்வி எண் பதினேழு

செட்டிநாடு ஸ்டேஷனில் வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
பையில் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
நாற்பத்தொரு விடைத்தாள்.
பெஞ்சின் மறுபாதியில் வெங்காய மூட்டையில் தலைசாய்த்து
ஒருவர் உறங்குகிறார்.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

ஹபீப் நிஷா
3x = 12க்கு x = 12 − 3, ஒன்பது என்கிறாள்.
கூட வந்தவரைப் போய்வாருங்கள் என்று அனுப்பலாம்.
ஒட்டிக்கொண்டு நிற்பவரை
வகுத்தல்லவா பிரிக்க வேண்டும், பெண்ணே?

மதியரசு
2x + 6 = 10ஐ இரண்டால் வகுக்கிறான்:
x + 6 = 5.
பந்தியில் எல்லோருக்கும் பரிமாறியாயிற்று,
ஆறு மட்டும் வெற்று இலையோடு.

அடைப்புக்குறி இந்த ஊர் வீடு மாதிரி.
தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஆறேழு புள்ளி.
முகப்பில் கண்டவரிடம் மட்டும் பத்திரிகை வைத்துவிட்டுத்
திரும்பிவர முடியுமா?
இரண்டாம் கட்டில் பத்து வருஷம் பேச்சிருக்காது.
வாசலில் நிற்கும் கழித்தல் குறியும்
உள்ளே ஒவ்வொருவரையும் பார்த்தாக வேண்டும்.
பதினெட்டுப் பேர்
முதல் ஆளோடு திரும்பிவிட்டார்கள்.

பதினெட்டில் ஒருவன் சேவுகமூர்த்தி.

5x − (x − 3) = 15
5x − x − 3 = 15

வட்டமிட்டேன்.

4x = 15 − 3

சமக்குறி என்பது தண்டவாளம்,
தாண்டினால் குறி மாறும்
என்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன்.
இவனுடைய மூன்று
இந்தப் பக்கத்துச் சட்டையோடே அந்தப் பக்கம் ஏறிவிட்டது.
இன்னொரு வட்டம்.

4x = 12
x = 3

சரி.

மூன்றுதான் விடை.
கீழே பென்சிலில், நான் யாருக்கும் சொல்லாத ஒழுங்கோடு:
சரிபார்த்தல். 15 − 0 = 15.
நாற்பத்தொரு பேரில்
சரிபார்த்தவன் அவன் ஒருவன்.

மூன்று மதிப்பெண் கேள்வி.
ஒன்று போட்டேன். அடித்தேன். இரண்டு. அடித்தேன்.
குருட்டு யோகம் என்று முணுமுணுத்தபடி
தாளின் ஓரத்தில் 15ஐ 23 ஆக்கினேன்.
என் வழியில் ஐந்து. அவன் வழியிலும் ஐந்து.
7 ஆக்கினேன். எனக்கும் ஒன்று, அவனுக்கும் ஒன்று.
உள்ளே இருந்த மூன்றை எட்டாக்கினாலும்
இருவரும் ஒரே வீட்டில்தான் போய் இறங்குகிறோம்.

யோகமில்லை.
இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும்படி
கேள்வியைக் கட்டிவைத்தவள் நான்.

உள்ளே இருப்பவர்களை இடம் மாற்றினேன்:
5x − (3 − x) = 15.
எனக்கு மூன்று.
அவனுக்கு
மூன்று.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல,
வெங்காயக்காரர் எழுந்து
"வண்டி வந்துருச்சாம்மா?" என்றார்.
இன்னும் இல்லை.

பதினைந்தை இருபத்தொன்று ஆக்கியதும்
ஒருவழியாகப் பிரிந்தோம்.
எனக்கு நான்கு, அவனுக்கு நாலரை.
அவன் தாளில் மூன்றுக்கு மூன்று போட்டேன்.
வட்டங்களை அழிக்கவில்லை.

மறுநாள் முதல் பாடவேளை.
பலகையில் ஒரே ஒரு கணக்கு, விளக்கம் கிடையாது.
5x − (3 − x) = 21.
வரிசைகளுக்கு நடுவே சும்மா நடக்கிறேன்.
அவன் நோட்டில் நாலரை வந்துவிட்டது,
எதிர்பார்த்தபடி,
இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு.
யாரும் சொல்லாமலே கீழே
சரிபார்த்தல் என்று எழுதிக் கோடு போடுகிறான்.

22½ − (−1½)

இங்கேயும் வாசலோடு திரும்பினால்
இருபத்தொன்று கிடைக்கும்.
பொய், ஆனால் பொருந்தும் பொய்.
இதை நேற்று நான் யோசிக்கவில்லை.
உள்ளே போனால் இருபத்துநான்கு,
பக்கம் முழுக்க அடித்தெழுத வேண்டிவரும்.

அடைப்புக்குறிக்கு முன்னால்
அவன் பேனா நிற்கிறது.
மணியடிக்க இன்னும் நான்கு நிமிடம்.
வாயைத் திறக்காமலிருக்க
சாக்பீஸை இரண்டாக உடைத்துக்கொண்டிருக்கிறேன்.